சங்கரன்கோவிலில் வாடகை வீடு: முதன்முறை வீட்டுக்காரர் ஆகிறவரும் வாடகைச் சட்ட வரலாறும்

தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலில் சேமிப்பைப் போட்டு ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர் பெரும்பாலும் பெரும் பணக்காரர் அல்லர். பணி ஓய்வின்போது கிடைத்த தொகையை வைத்திருக்கும் அரசு ஊழியர், விசைத்தறியில் இரண்டு தலைமுறையாக உழைத்த குடும்பம், பூச்சந்தை வியாபாரி, வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியவர் ஆகியோரே அதிகம். அவர்களுக்கு அது ஒரே வீடு. அதில் குடியேறுபவருக்கும் அது ஒரே கூரை. ஆகவே தவறு நேர்ந்தால் இரு பக்கமும் தாங்குவது கடினம்.

வீட்டை வாங்குவதுதான் பெரிய முடிவு என்று புதியவர் எண்ணுகிறார். அதற்குப் பின் வரும் சிறு கேள்விகளே அவரை நீண்ட காலம் பிடித்து வைக்கின்றன. அடிமனை யாருடையது? மாத வாடகைக்கு விடுவதா, ஒத்திக்கு விடுவதா? எத்தனை மாதத்துக்கு எழுதுவது? முன்பணம் எவ்வளவு? காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும்? இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் நூறாண்டு வழக்கும் சட்டமும் இருக்கின்றன. அந்த வரலாறு தெரியாமல் இன்றைய வாடகை ஒப்பந்தத்தில் உள்ள வரிகளின் பொருள் விளங்காது.

ஊரும் குடியிருப்பும்

சங்கரன்கோவில் ஒரு கோவில் நகரம். சங்கரநாராயணர் கோவிலையும் கோமதி அம்மன் சன்னதியையும் சுற்றி ரதவீதிகள் அமைந்தன. அவற்றை ஒட்டிக் கடைகளும் வீடுகளும் எழுந்தன. ஆடித்தபசு நாட்களில் ஊரில் இடம் கிடைப்பதே அரிது. கோவிலுக்கு அடுத்தபடியாக ஊரை வளர்த்தது நெசவு. கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் சேலை நெய்யும் குடும்பங்களை இங்கே நிலைநிறுத்தின. மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கு மேல். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. அலுவலகங்கள் வந்தால் மாற்றலாகி வரும் ஊழியர்களும் வருவர். அவர்களுக்கு வாடகை வீடு வேண்டும்.

நெல்லைச் சீமையின் பழைய வாடகைக் குடியிருப்பு வளவு எனப்படும். ஒரே வாசலுக்குள் வரிசையாக நாலைந்து சிறு வீடுகள், நடுவில் முற்றம், பொதுக் கிணறு, பொதுக் கழிப்பிடம் என்பது அதன் அமைப்பு. வீட்டுக்காரர் பெரும்பாலும் முன்வீட்டிலேயே இருப்பார். வாடகை மாதம் பிறந்ததும் கையில் கொடுக்கப்படும். ரசீது கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. இந்த வாய்மொழி வழக்கம் இரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. வீட்டுக்காரர் காலமாகி மக்கள் பாகம் பிரித்துக்கொள்ளும்போதுதான் முன்பணம் எவ்வளவு, யார் வாங்கியது, எப்போது முதல் குடியிருக்கிறார் என்ற கேள்விகள் எழும். பதில் சொல்லக் காகிதம் இராது.

நெசவு ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடியிருக்கவும் தறி போடவும் ஒரே வீடு வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பர். கைத்தறிக்குத் தரையில் குழி வெட்ட வேண்டும். விசைத்தறி என்றால் அதிர்வு, சத்தம், சுவரில் விரிசல் எல்லாம் வரும். வீட்டுக்கான மின் இணைப்பும் விசைத்தறிக்கான இணைப்பும் கட்டண முறையில் வேறுவேறு. வீட்டு இணைப்பில் தறி ஓடினால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரையே மின்வாரியம் கேட்கும். ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்றோ ‘இரண்டு தறி வரை’ என்றோ தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது இந்த ஊரில் வெறும் சம்பிரதாயம் ஆகாது.

அடிமனை யாருடையது

கோவில் நகரங்களில் வீடு ஒருவருடையதாகவும் அது நிற்கும் மண் கோவிலுடையதாகவும் இருப்பது உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் குடியிருப்பவர் சுவரையும் கூரையையும் விற்கலாம். மண்ணை விற்க முடியாது. கோவிலுக்குத் தனியே அடிமனை வாடகை செலுத்த வேண்டும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி கோவில் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும்.

பிறர் மண்ணில் வீடு கட்டியவரைக் காக்க வந்த சட்டம் இதைவிடப் பழையது. சென்னை நகரக் குடிவாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1921-இல் இயற்றப்பட்டது. மண்ணின் சொந்தக்காரர் வெளியேறச் சொன்னால், கட்டடத்துக்கு ஈடு கேட்கும் உரிமையையும், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த மண்ணையே வாங்கும் உரிமையையும் அது குடிவாரிக்குத் தந்தது. பின்னர் அறிவிக்கைகள் மூலம் வேறு நகரங்களுக்கும் விரிந்தது. சமய நிறுவனங்களின் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்று 1996-இல் திருத்தம் வந்தது. அதற்கு முன் வாங்கிய துணிச்சலோடு இன்று ஒருவர் அடிமனை வீட்டை வாங்கினால் அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் இல்லை. விலை குறைவு என்பதே இத்தகைய வீடுகளில் முதல் எச்சரிக்கை.

ஊரின் ஓரத்தில் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு வேறொரு வரலாறு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழகம் முழுவதும் பத்திரப் பதிவு தடுமாறியது. அதன்பின் 2017 மே மாதத்தில் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை அதன்கீழ் ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி பிறந்தது. ஆகவே வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் என்ற வழக்கமான மூன்றோடு, மனைக்கு அங்கீகார எண்ணோ வரன்முறை ஆணையோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இது இல்லாத மனையில் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது கடினம்.

மாத வாடகையா, ஒத்தியா

தென்மாவட்டங்களில் வாடகைக்கு இணையாக நிலவும் வழக்கம் ஒத்தி. குடியிருக்க வருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுப்பார். மாத வாடகை கிடையாது. தவணை முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டை விடுவார். சென்னையில் இதனைப் ‘போக்கியம்’ என்றும் ‘லீஸ்’ என்றும் சொல்வர். ஒற்றி என்பது இதன் பழைய வடிவம்.

பேச்சில் இது வாடகையின் உறவினர் போலத் தோன்றினாலும் சட்டத்தின் கண்ணில் இது கடன். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு அனுபவ அடமானம் என்று இதனை வரையறுக்கிறது. கடன் கொடுத்தவர் சொத்தைத் தம் வசம் வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் பயனை அனுபவிக்கிறார். 59-ஆம் பிரிவின்படி நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். இரு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் பல லட்சம் ரூபாய் ஒத்தியும் முத்திரைத்தாளில் எழுதிய பதிவில்லாத உடன்படிக்கையோடு முடிந்துவிடுகிறது. வில்லங்கச் சான்றில் அது ஏறாது. வீட்டின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்து, வங்கி சொத்தைக் கைப்பற்ற வந்தால், ஒத்திக்காரர் தம் பணத்துக்காக வரிசையின் கடைசியில் நிற்க நேரிடும்.

வீட்டுக்காரருக்கு ஒத்தி ஏன் இனிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வீட்டின் விலை 30 லட்சம் என்றும், அதற்கு மாதம் 7,000 ரூபாய் வாடகை வரும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 84,000, முதலீட்டில் 2.8 சதவீதம். அதே வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 35,000 மட்டுமே வரும். அதாவது ஒத்தி வாடகையைவிடப் பாதிக்கும் குறைவான வருமானம் தருகிறது. வீட்டுக்காரர் 15 அல்லது 18 சதவீத வட்டிக்கு வாங்கிய வெளிக்கடனை அந்த 5 லட்சத்தைக் கொண்டு அடைக்கும்போதுதான் கணக்கு நேராகிறது. பெண் கல்யாணத்துக்கும் தறி வாங்கவும் ஒத்திப் பணம் செலவாகிவிட்டால் மூன்றாம் ஆண்டு திருப்பிக் கொடுக்க அடுத்த ஒத்திக்காரரைத் தேட வேண்டும். அவர் கிடைக்கும் வரை பழையவர் வீட்டை விட மாட்டார். விடாமல் இருப்பது அவருடைய உரிமையும்கூட.

இந்த வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. தென் கொரியாவில் ‘சொன்சே’ என்ற பெயரில் இதே முறை நாடு தழுவி நிலவுகிறது. குடியிருப்பவர் வீட்டு விலையில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை வைப்பாகக் கொடுத்துப் பொதுவாக இரண்டு ஆண்டு இருப்பார். 2022-இலும் 2023-இலும் வீட்டு விலை சரிந்தபோது, ஒருவர் தந்த வைப்பை வைத்து அடுத்த வீடு என்று பல வீடுகளை வாங்கியிருந்த சொந்தக்காரர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. மோசடிக் கும்பல்களும் வெளிப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-இல் சிறப்புச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சங்கரன்கோவிலில் ஒற்றை வீட்டில் நடப்பதே அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்தது.

ஒத்தி வைத்தவர் பக்கம் சட்டம் தரும் ஓர் ஆறுதல் உண்டு. அனுபவ அடமானத்தில் அடமானம் வைத்த நாளிலிருந்து முப்பது ஆண்டு கடந்துவிட்டது என்பதாலேயே சொந்தக்காரர் மீட்கும் உரிமையை இழப்பதில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாத்தா ஒத்தி வைத்த வீட்டைப் பேரன் பணம் கட்டி மீட்கலாம். பத்திரம் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

போர்க்காலம் தந்த சட்டம்

வாடகையைக் கட்டுப்படுத்தும் எண்ணம் போரில் பிறந்தது. முதல் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்காகத் தொழிலாளர் குவிந்த கிளாஸ்கோ நகரில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். 1915-இல் பெண்கள் முன்னின்று வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினர். அந்த ஆண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையை நிறுத்திவைக்கும் சட்டத்தை இயற்றியது. அதன் எதிரொலியாக 1918-இல் பம்பாயிலும் 1920-இல் கல்கத்தாவிலும் வாடகைச் சட்டங்கள் வந்தன.

சென்னை மாகாணத்துக்கு அது இரண்டாம் உலகப் போரில் வந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941-இல் முதல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. வாடகைக்கு உச்சவரம்பு வைப்பதே அதன் நோக்கம். அதில் ஓர் ஓட்டை இருந்தது. வாடகையை ஏற்ற முடியாத வீட்டுக்காரர் குடியிருப்பவரையே வெளியேற்றிவிட்டு வேறொருவரைக் கூடுதல் தொகைக்குக் கொண்டுவரலாம். அதனால் பின்னர் வந்த ஆணைகள் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தின. வாடகைக் கட்டுப்பாடும் வெளியேற்றத் தடையும் அன்று முதல் இணைபிரியாமல் நடந்தன. போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் வந்தன. 1960-இல் வந்த 18-ஆம் சட்டம், அதாவது கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், ஏறத்தாழ அறுபது ஆண்டு நீடித்தது. சென்னை, மதுரை நகரங்களுக்கும் மாநிலத்தின் நகராட்சிகள் அனைத்துக்கும் அது பொருந்தியது. ஓர் ஊர் நகராட்சியாகும்போது சாக்கடையும் தெருவிளக்கும் வருவது போல இந்தச் சட்டமும் கூடவே வந்தது.

அந்தச் சட்டத்தின் கண்டிப்பை இன்றைய தலைமுறை நம்புவது கடினம். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிய அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்; அரசு ஊழியர்களுக்குத் தேவையெனில் அரசே அதை எடுத்துக்கொள்ளலாம். குடியிருப்பவரை வெளியேற்றச் சட்டம் சொன்ன காரணங்களுள் ஒன்று இருக்க வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தல், கட்டடத்தைச் சேதப்படுத்தல், வீட்டுக்காரரின் சொந்தக் குடியிருப்புத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலியன. மாவட்ட முன்சீப்பே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவர் தீர்ப்புக்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம் என வழக்கு நடக்கும்.

‘வேண்டுமென்றே’ என்ற ஒரு சொல்லுக்காக நடந்த சண்டைகள் தனி நூலுக்குரியவை. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுப்பார். பாக்கி என்று வழக்குப் போட அது உதவும். குடியிருப்பவர் மணியார்டர் அனுப்புவார். அது திரும்பி வரும். திரும்பிய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர் வழக்கில் தப்பினார். இதற்காகவே சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஒரு வழி வகுத்தது: வங்கிக் கணக்கைக் கேட்டு எழுத வேண்டும், பதில் இல்லையேல் மணியார்டர் அனுப்ப வேண்டும், அதையும் மறுத்தால் வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செலுத்த அனுமதி கேட்கலாம். 1985-இல் உச்ச நீதிமன்றம் சுந்தரம் பிள்ளை வழக்கில் அந்தச் சொல்லின் பொருளைத் தீர்மானித்தது. வீட்டுக்காரர் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் கழிந்தும் பாக்கியைச் செலுத்தாவிடில் அது வேண்டுமென்றே வைத்த பாக்கியாகக் கொள்ளப்படும். அறிவிப்பே இல்லாத வழக்கில் நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்யும்.

ஒன்பது சதவீதம்

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிய முதலீட்டாளர் நின்று கவனிக்க வேண்டிய இடம் 4-ஆம் பிரிவு. நியாய வாடகையைக் கணக்கிடும் வழியை அது சொன்னது. மனையின் சந்தை மதிப்பு, தேய்மானம் போகக் கட்டடத்தின் செலவு, வசதிகளின் மதிப்பு ஆகியவற்றைக் கூட்டி, அதில் குடியிருப்புக்கு 6 சதவீதமும் பிற கட்டடங்களுக்கு 9 சதவீதமும் ஆண்டு வாடகை என்று முதலில் இருந்தது. 1973-இல் திருத்தம் செய்து அவற்றை 9, 12 என உயர்த்தினர்.

வாடகையை அடக்கிவைக்க எழுதிய இந்தச் சூத்திரம் காலப்போக்கில் நேர்மாறாகத் திரும்பியது. நியாய வாடகை கேட்டு மனுப் போடும் உரிமை குடியிருப்பவருக்கு மட்டுமன்று, வீட்டுக்காரருக்கும் உண்டு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே போடலாம் என்று 1974-இல் ராவல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மனை விலை ஏறிய நகரங்களில் வீட்டுக்காரர்கள் இதைப் பயன்படுத்தி, சந்தை வாடகையைவிட அதிகமான ‘நியாய’ வாடகையைப் பெற முயன்றனர். மேலே சொன்ன 30 லட்சம் மதிப்புள்ள வீட்டையே எடுத்துக்கொண்டால், 9 சதவீதப்படி ஆண்டுக்கு 2,70,000, மாதம் 22,500. ஊரில் கிடைப்பதோ 7,000. சட்டம் நியாயம் என்று நினைத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இன்று சந்தை தருவதில்லை. வீட்டு வாடகையை மட்டும் நம்பி வாங்குபவர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையே மீதிக் கணக்கைத் தாங்குகிறது. அந்த நம்பிக்கை எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோல் பலிப்பதில்லை.

அதே சட்டம் கட்டி முடித்து ஐந்தாண்டு ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு அளித்தது. புதிதாகக் கட்டுபவரை ஊக்குவிக்கவே இந்த ஏற்பாடு. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அளித்த விலக்கை மட்டும் 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பெரிய வீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை, கடைக்கு உண்டு என்ற பாகுபாட்டுக்கு நியாயம் இல்லை என்பது காரணம்.

கட்டுப்பாட்டின் நீண்டகால விளைவை எண்கள் சொல்கின்றன. 1961-இல் இந்திய நகரங்களில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீடுகளில் இருந்தன. 2011-இல் அது 28 சதவீதமளவுக்கு இறங்கியது. அதே 2011 கணக்கெடுப்பில் நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. சொந்த வீட்டுக் கடன் பெருகியதும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், விட்டால் திரும்பாது என்ற அச்சத்தின் பங்கு சிறிதன்று. இலங்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1972-இன் வாடகைச் சட்டத்தைத் தொடர்ந்து 1973-இல் வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையையே வரையறுத்து, மிகுதியை அரசு வசமாக்கியது. வாடகைக்காக வீடு கட்டிய கொழும்பு, யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு முதலீடு என்ற வழியே அடைபட்டது.

பதினொரு மாதம்

வாடகை ஒப்பந்தம் ஏன் பதினொரு மாதம் என்று கேட்டால் ‘அப்படித்தான் எழுதுவார்கள்’ என்பதே வழக்கமான பதில். காரணம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் உண்டு. ஒரு மாதம் குறைத்தால் அந்தப் பதிவும் பதிவுக் கட்டணமும் தேவையில்லை. பதினொரு மாதம் முடிந்ததும் வீடு தானாகத் திரும்பிவிடும் என்று பலர் நம்பினர். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் அந்த நம்பிக்கை வீண். ஒப்பந்தம் முடிந்தாலும் குடியிருப்பவர் சட்டப்படியான வாடகைதாரராகத் தொடர்ந்தார். தமிழகத்திலிருந்து சென்ற தனபால் செட்டியார் வழக்கில் 1979-இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, வாடகைச் சட்டத்தின்படி வெளியேற்ற மனுப் போடுபவர் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி தனியே முடிவறிவிப்புக் கொடுக்கத் தேவையில்லை என்றதன் அடிப்படையும் இதுவே: ஒப்பந்தம் முடிவதால் மட்டும் வீடு திரும்புவதில்லை.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

பழைய சட்டத்தை நீக்கிய தமிழ்நாடு நிலக்கிழார்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்பதை அரசு தீர்மானிப்பதை விட்டு, இருவரும் எழுதிக்கொண்டதே வாடகை என்ற நிலைக்கு இது மாறியது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பதினொரு மாதமாயினும் அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அந்தப் பொறுப்பை வகிப்பார். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சட்டம் வைத்தது. பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிப் பழகிய சென்னையில் இது பெரிய மாற்றம். சிற்றூர்களில் அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

இரண்டு மாத வாடகை பாக்கியானால், அறிவிப்புக் கொடுத்த பின்னும் செலுத்தாவிடில் வெளியேற்ற மனுப் போடலாம். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க முன்னறிவிப்புத் தர வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து விரட்டக் கூடாது. இவற்றையெல்லாம்விடப் பழைய வளவு வீடுகளை உலுக்கியது வேறொரு விதி. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதே வெளியேற்றத்துக்கு ஒரு காரணம் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. முப்பது ஆண்டாக வாய்மொழியில் குடியிருந்தவரிடம் புதிய வாடகையோடு ஒப்பந்தம் நீட்டப்பட்டது. கையெழுத்திட மறுத்தால் ஒப்பந்தம் இல்லை. இல்லையென்றால் வெளியேற்ற மனு. கெடுவை அரசு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்தது. பழைய சட்டம் வீட்டுக்காரரைப் பூட்டியது என்றால், புதிய சட்டத்தில் பத்திரம் எழுதத் தெரிந்தவர் பக்கம் தராசு சற்றுச் சாய்ந்திருக்கிறது என்ற குறையில் உண்மை உண்டு.

யாருக்கு, என்ன செலவில்

இத்தனை சட்டங்களும் தொடாத ஒரு கேள்வி வாசலில் கேட்கப்படுகிறது: ‘நீங்க என்ன ஆளுக?’ கடை, உணவகம், பொதுக்கிணறு முதலியவற்றில் சாதி மத வேறுபாட்டைத் தடை செய்யும் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தனியார் வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த மௌனத்தில் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பல குடும்பங்கள் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. வருமானக் கணக்காகப் பார்த்தாலும் இது நட்டமே. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும்.

செலவுகளுள் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். 2022-இல் மாநிலம் முழுவதும் அது சீராய்வு செய்யப்பட்டபோது நகராட்சிகளில் வீட்டின் பரப்புக்கேற்ப 25 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. வாடகை வருமானத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது, செலுத்திய சொத்து வரியைக் கழித்தபின் எஞ்சியதில் 30 சதவீதம் பராமரிப்புக்காகக் கழிவு கிடைக்கும். வெள்ளையடித்த ரசீது கேட்க மாட்டார்கள். மின் இணைப்பு வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருப்பது வழக்குகளைக் குறைக்கும். 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பல குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழைய வளவு வழக்கத்தில் சலுகை யாருக்குப் போகிறது என்ற சச்சரவு கட்டாயம் வரும்.

ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்குவதும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவின்படி வாங்கியவரே புதிய வீட்டுக்காரர் ஆகிறார். குடியிருப்பவர் அப்படியே தொடர்வார். விற்பவர் வாங்கிய முன்பணத்தைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளாவிட்டால் வாங்கியவர் கையிலிருந்து போகும். 2019-க்கு முன் பழைய சட்டப்படி தொடங்கிய வழக்குகள் பழைய சட்டப்படியே நடந்து முடிகின்றன. எனவே கிரயம் பேசும்போது, ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, முன்பணம் எவ்வளவு, எந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு நிலுவையில் உள்ளது என்ற மூன்றையும் விற்பவரிடம் கேட்டுக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்கின்றனர்.